எல்லாச் சிக்கலும் ஊட்டுமுனையில்: உயர் மின்னழுத்தத் துடிப்புகளை வீசும் ஆன்டெனாக்கள்

ஒளி 100 பிகோ விநாடியில் 3 சென்டிமீட்டர்தான் நகரும். அந்த நேரத்துக்குள் 1,20,000 வோல்ட் மின்னழுத்தம் பூஜ்ஜியத்திலிருந்து உச்சிக்கு ஏற வேண்டும். ஏறியது தன் வேகத்தை இழக்காமல் காற்றில் அலையாகக் கிளம்பவும் வேண்டும். இப்படி ஓர் ஆன்டெனாவை எங்கிருந்து வரையத் தொடங்குவது?

தட்டு எவ்வளவு பெரியது, கொம்பு எவ்வளவு விரிய வேண்டும் என்று வெளிப்புறத்திலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். கண்ணுக்குத் தெரிவதும் அதுதானே. ஆனால் இந்த வகை ஆன்டெனாவின் தலையெழுத்து தீர்மானமாகும் இடம் ஊட்டுமுனை. துடிப்பு, அதை உருவாக்கிய கருவியை விட்டு ஆன்டெனாவுக்குள் நுழையும் அந்தச் சில சென்டிமீட்டர். அங்கே இரண்டு தேவைகள் ஒன்றையொன்று நேருக்கு நேர் எதிர்க்கின்றன. வேகமான துடிப்புக்கு எல்லாம் சிறியதாக, நெருக்கமாக இருக்க வேண்டும். உயர் மின்னழுத்தத்துக்கு எல்லாம் விலகி, உருண்டு, பெரியதாக இருக்க வேண்டும். அந்த இடத்தைச் சரியாகச் செய்தால் மற்றவை கணக்குப்படி வரும். அங்கே பிழைத்தால் எவ்வளவு பெரிய தட்டும் காப்பாற்றாது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'அல்ட்ரா வைட்பேண்ட்' என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, கைபேசியிலும் கார் சாவியிலும் தூரத்தை அளக்கும் சிறு சில்லு. 2002-இல் அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையம் 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை அதற்குத் திறந்துவிட்டது. ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 75 நானோவாட்தான் வரம்பு. பட்டை முழுவதையும் கூட்டினாலும் அரை மில்லிவாட்டைச் சற்றே தாண்டும். நாம் பேசப்போகும் ஆன்டெனாவுக்குள் போகும் உச்சத் திறனோ பல கோடி வாட். பெயரும் இயற்பியலும் பொது. ஆனால் மில்லிவாட்டில் பிரமாதமாக வேலை செய்யும் அச்சுப்பலகை ஆன்டெனாவின் கால் மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரு லட்சம் வோல்ட்டைக் கொடுத்தால், அலை கிளம்புவதற்குள் தீப்பொறி கிளம்பிவிடும்.

சரி, அகன்ற பட்டை என்றால் ஏற்கெனவே தெரிந்த அகலப்பட்டை ஆன்டெனாக்களில் ஒன்றைப் பெரிதாகக் கட்டினால் போதாதா? கூரைகளில் தொலைக்காட்சிக்கு வைக்கப்படும், மீன் எலும்பு போன்ற மடக்கைமுறை ஆன்டெனா பத்து மடங்கு அதிர்வெண் வீச்சைக்கூட எளிதாகத் தாங்கும். ஆனால் துடிப்புக்கு அது ஆகாது. அதில் உயர் அதிர்வெண்கள் முன்பக்கத்துக் குட்டைக் கம்பிகளிலிருந்து உடனே கிளம்பிவிடுகின்றன. தாழ் அதிர்வெண்கள் பின்னால் உள்ள நீளக் கம்பிகள் வரை போய்த் திரும்புவதால் தாமதமாகின்றன. ஒரு நொடிப்பொழுதில் போட்ட கைத்தட்டல், மேல்சுருதியில் தொடங்கிக் கீழே இறங்கும் நீண்ட சீழ்க்கையாக மாறி வெளியே போகிறது. ஆற்றல் எங்கும் தொலையவில்லை, நேரத்தில் பரவிவிட்டது. உச்சம் செத்துவிட்டது. சுருள் ஆன்டெனாவிலும் இதே கதைதான். அதனால் 'என் ஆன்டெனா இத்தனை கிகாஹெர்ட்ஸ் வரை ஒத்துப்போகிறது' என்ற அளவீட்டை மட்டும் காட்டும் ஆய்வறிக்கைகளைப் படிக்கும்போது எனக்கு நிறைவு வருவதில்லை. எல்லா அதிர்வெண்களும் ஒரே புள்ளியிலிருந்து, ஒரே நேரத்தில் கிளம்புகின்றனவா என்ற கேள்விதான் இங்கே முக்கியம்.

இந்தச் சோதனையில் தேறும் வடிவங்கள் சிலவே. இரட்டைக் கூம்பு ஒன்று. ஆலிவர் லாட்ஜ் 1898-இலேயே காப்புரிமையில் வரைந்து காட்டியது. கோணம் மாறாத கூம்பில் மின்மறுப்பும் (அலையின் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதம்) மாறாது. அலை ஒரு கோளமாக விரிந்து போகும். இரண்டு உலோகத் தகடுகளை வாய்போல் விரித்த கொம்பு இன்னொன்று. பீட்டர் கிப்சன் 1979-இல் அறிமுகப்படுத்திய விவால்டி ஆன்டெனா அதன் தட்டையான உறவினர். மூன்றாவது, இந்தத் துறையின் சிகரம் என்று நான் கருதுவது: பரவளையத் தட்டின் குவியத்தில் கூம்புக் கரங்களை வைத்த துடிப்பு வீசும் ஆன்டெனா. அமெரிக்க விமானப்படையின் கர்ட்லேண்ட் ஆய்வகத்தில் பணியாற்றிய கார்ல் பாம் 1980-களின் இறுதியில் முன்வைத்த யோசனை இது.

அவரது யோசனையைப் புரிந்துகொள்ள ஒரு அடிப்படை விதி தேவை. எந்த ஆன்டெனாவாலும் நேர்மின்னோட்டத்தை வீச முடியாது. எனவே தொலைவில் அளக்கும் மின்புலத்தை நேரத்துக்கு எதிராக வரைந்தால், கோட்டுக்கு மேலுள்ள பரப்பும் கீழுள்ள பரப்பும் சமமாகத்தான் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் எழும் துடிப்பை அனுப்புவது இயற்கைக்கு ஒத்துவராது. பாமின் வடிவமைப்பு இந்த விதியை மீறாமல், தனக்குச் சாதகமாக வளைத்துக்கொள்கிறது. குவியத்தில் ஓர் ஆளி (சுவிட்ச்) மூடியதும் படிபோல் ஏறும் மின்னழுத்தம் கரங்களின் வழியே கோள அலையாகப் புறப்பட்டு, தட்டில் பட்டு, தட்டையான அலைமுகமாகத் திரும்புகிறது. தட்டின் முழு முகமும் ஒரே கணத்தில் 'எரிகிறது'. தொலைவில் நிற்பவருக்குப் போய்ச்சேருவது அந்தப் படியின் ஏறும் வேகம், அதாவது வகைக்கெழு. படி 100 பிகோ விநாடியில் ஏறினால், கிடைப்பது 100 பிகோ விநாடி அகலமுள்ள ஒரு கூர்முனை.

அப்படியானால் எதிர்ப்பக்கப் பரப்பு எங்கே? அது முன்கூட்டியே வந்துவிடுகிறது. அலை குவியத்திலிருந்து தட்டுக்குப் போய்த் திரும்பும் நேரமெல்லாம், கரங்களிலிருந்து நேராக ஒரு மெல்லிய, எதிர்க்குறியுள்ள புலம் முன்னோக்கிக் கசிகிறது. குவியத் தூரம் 1.2 மீட்டர் என்றால் போய்த் திரும்ப 8 நானோ விநாடி. எட்டு நானோ விநாடிக்கு மெலிதாகப் பரவிய பரப்பும், 100 பிகோ விநாடிக்குள் குவிந்த கூர்முனையின் பரப்பும் துல்லியமாகச் சமம். உயரத்தில் மட்டும் எண்பது மடங்கு வித்தியாசம். கடனை நீண்ட தவணையில் அடைத்துவிட்டு, வரவை ஒரே கையில் வாங்குவதைப் போன்றது. மின்காந்தவியலில் இவ்வளவு அழகாகக் கூடிவரும் கணக்குகள் எனக்குத் தெரிந்து அதிகமில்லை.

1990-களின் நடுவில் கட்டப்பட்ட முதல் மாதிரியின் எண்கள் இன்றும் இத்துறையின் அளவுகோல். தட்டின் விட்டம் 3.66 மீட்டர். மின்னழுத்தம் பிளஸ் 60, மைனஸ் 60 என மொத்தம் 120 கிலோவோல்ட். விநாடிக்கு 200 துடிப்புகள். 304 மீட்டர் தொலைவில் அளந்த உச்சப் புலம் மீட்டருக்கு 4.6 கிலோவோல்ட். தொலைவையும் புலத்தையும் பெருக்கினால் 14 லட்சம் வோல்ட் வருகிறது. இந்தப் பெருக்குத்தொகைதான் இத்துறையில் எல்லோரும் ஒப்பிடும் எண். இதை ஊட்டிய மின்னழுத்தத்தால் வகுத்தால் ஆன்டெனாவின் தரம் தெரியும். இங்கே அது கிட்டத்தட்ட 12. பிறகு வந்த 'ஜோல்ட்' என்ற கருவி, பாதித் தட்டையும் ஒரு மெகாவோல்ட் அளவிலான மூலத்தையும் கொண்டு இந்தப் பெருக்குத்தொகையை 53 லட்சம் வோல்ட்டுக்கு உயர்த்தியது. அதாவது மூலத்தை எட்டு மடங்கு கூட்டியும் பலன் நான்கு மடங்கை ஒட்டித்தான் உயர்ந்திருக்கிறது. தட்டு பாதியானது ஒரு காரணம். மின்னழுத்தத்தை ஏற்ற ஏற்ற ஊட்டுமுனை கேட்கும் விலையும் இதில் அடங்கும் என்பது என் வாசிப்பு.

அந்த விலையைப் பார்ப்போம். இயல்பான காற்று சென்டிமீட்டருக்குச் சுமார் 30 கிலோவோல்ட் வரை தாங்கும். 120 கிலோவோல்ட்டுக்குக் குறைந்தது 4 சென்டிமீட்டர் இடைவெளி தேவை. நல்லது, ஆனால் 4 சென்டிமீட்டரைக் கடக்க ஒளிக்கே 133 பிகோ விநாடி ஆகும். பாதுகாப்புக்காக விட்ட இடைவெளியே நாம் விரும்பும் ஏறுநேரத்தைவிட நீண்டுவிட்டது! ஊட்டுமுனையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் செய்தி போவதற்குள் துடிப்பின் ஏற்றமே முடிந்துபோயிருக்கும். இந்த ஒரே கணக்கில் இத்துறையின் முழுத் தலைவலியும் அடங்கிவிடுகிறது.

விடுபட ஒரு வழியை 1889-லேயே ஃபிரீட்ரிக் பாஷென் காட்டிவிட்டார்: வாயுவின் முறிவு மின்னழுத்தம், அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கி வரும் தொகையைப் பொறுத்தது. வாயுவைப் பல பத்து மடங்கு வளிமண்டல அழுத்தத்துக்கு அமுக்கினால் சென்டிமீட்டர்கள் மில்லிமீட்டராகச் சுருங்கும். முதல் மாதிரியின் ஆளி உயர் அழுத்த ஹைட்ரஜனில்தான் இயங்கியது. இதில் இரட்டை லாபம். இடைவெளி சுருங்குவது ஒன்று. தீப்பொறி தானே வேகமாவது இன்னொன்று. பொறி தோன்றிய கணத்தில் அது நல்ல கடத்தி ஆகிவிடாது. மின்தடை சரிந்து இறங்கச் சிறிது நேரம் பிடிக்கும். பிரிட்டனின் ஆல்டர்மாஸ்டன் அணு ஆயுத ஆய்வகத்தில் பணியாற்றிய ஜே. சி. மார்ட்டின் வகுத்த அனுபவச் சூத்திரப்படி, மின்புலத்தை இரட்டித்தால் அந்த நேரம் சுமார் இரண்டரை மடங்கு குறையும். ஹைட்ரஜன் சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்பும் வாயு என்பதால், 5 மில்லிவிநாடிக்கு ஒருமுறை மூடித் திறக்கவும் முடிகிறது.

இன்னொரு துணை, நேரமே. மின்காப்பு முறிவதற்கு அவகாசம் வேண்டும். மார்ட்டினின் இன்னொரு விதி எண்ணெய், நீர் போன்ற திரவங்களுக்கானது: தாங்கும் புலம், நேரத்தின் கனமூலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் மாறும். ஒரு மைக்ரோ விநாடியிலிருந்து ஒரு நானோ விநாடிக்கு இறங்கினால், அதே எண்ணெய் பத்து மடங்கு புலத்தைத் தாங்கும். ஆகவே மின்னழுத்தத்தை மெதுவாக ஏற்றிக் காத்திருக்க வைப்பது பாவம். கடைசிக் கணம் வரை ஊட்டுமுனையில் மின்னழுத்தமே இல்லாமல் வைத்திருந்து, சடாரென்று ஏற்ற வேண்டும். அதனால்தான் 1920-களில் எர்வின் மார்க்ஸ் உருவாக்கிய மின்தேக்கி அடுக்கோ மின்மாற்றியோ முதலில் துடிப்பைக் கட்டும்; இடைநிலைச் சுற்று அதை அமுக்கும்; கூர்மையாக்கும் ஆளி கடைசியாக, ஆன்டெனாவின் உச்சிப் புள்ளியிலேயே அமரும். ஆளி எங்கே முடிகிறது, ஆன்டெனா எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. இரண்டையும் இரண்டு குழுக்களிடம் தனித்தனியாகக் கொடுத்து இணைப்பியை மட்டும் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும் வேலைமுறை, இங்கே பலன் தராது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சுவாரசியம் என்னவென்றால், இந்தப் பாடம் வானொலியின் பிறப்பிலேயே இருந்தது. ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1880-களின் இறுதியில் கார்ல்ஸ்ரூவில் வீசியதும் தீப்பொறித் துடிப்புகளைத்தான். துத்தநாகத் தகட்டை வளைத்துப் பரவளையக் கண்ணாடியும் செய்திருந்தார். பொறிமுனைக் குண்டுகளை அடிக்கடி மெருகேற்றாவிட்டால் அலை மங்கிப்போவதையும் கவனித்தார். அப்புறம் இத்தாலியில் அகுஸ்தோ ரீகி பொறியிடைவெளியை எண்ணெயில் மூழ்கவைத்தார். இன்று நாம் அதே எண்ணெய்க்குத் திரும்பியிருக்கிறோம்.

உள்ளே ஹைட்ரஜனும் வெளியே எண்ணெயுமாக மூழ்கியிருக்கும் ஆளியைச் சுற்றி இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. மின்மாற்றி எண்ணெயில் அலை, காற்றில் போவதில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில்தான் போகும். எண்ணெய்க் கலத்தின் சுவரைத் தாண்டும்போது பாதைகள் சமமாக இல்லாவிட்டால் அலைமுகம் கோணும். சில பாதைகள் முந்தும், சில பிந்தும். 100 பிகோ விநாடி முனையில் ஒரு மில்லிமீட்டர் பிசகுக்கு 3 பிகோ விநாடி தண்டனை. அதனால் கலத்தின் வாயில் பாலிஎதிலீன் வில்லை ஒன்றைக் கடைந்து பொருத்துகிறார்கள். எண்ணெய், பாலிஎதிலீன் இரண்டின் மின்காப்பு மாறிலியும் (பொருளுக்குள் அலையின் வேகத்தைத் தீர்மானிக்கும் எண்) 2.2–2.3 என ஒன்றையொன்று ஒட்டியே இருப்பதால் எல்லையில் அலை பிரதிபலிப்பதே இல்லை என்று சொல்லலாம். வில்லையின் வெளிப்புற வளைவு மட்டும் எல்லாப் பாதைகளையும் சரிசெய்து, குவியத்திலிருந்தே கிளம்பியது போன்ற கோள அலையைக் காற்றுக்குக் கொடுக்கிறது. பார்க்க ஒரு பிளாஸ்டிக் கட்டி. இதன் வளைவு சரியாக அமையாவிட்டால் பின்னால் நிற்கும் 3.66 மீட்டர் அலுமினியத்துக்குப் பொருளே இல்லை.

முறிவு பெரும்பாலும் தொடங்கும் இடம் உலோகமும் திண்மக் காப்பும் வாயுவும் சந்திக்கும் மும்முனைச் சந்தி. உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விட்டால், அங்குள்ள வாயுவில் புலம் மின்காப்பு மாறிலியின் அளவுக்குப் பெருகும், பாலிஎதிலீனில் 2.3 மடங்கு. கோளக் குமிழி என்றால் அவ்வளவு மோசமில்லை, சுமார் 1.2 மடங்கு. ஆனாலும் எண்ணெயை வெற்றிடத்தில் வைத்துக் குமிழி நீக்காமல் ஊற்றக்கூடாது. சந்தியைப் புலம் பலவீனமான மூலைக்குள் மறைக்க வேண்டும், பரப்பின் நீளத்தைக் கூட்ட வேண்டும், விளிம்புகளை உருட்ட வேண்டும். ஒவ்வோர் உருட்டலும் கொஞ்சம் மின்தேக்கத்தைச் சேர்க்கும்; அது ஏறுநேரத்தைக் கொஞ்சம் தின்னும். அங்கே கூட்டி இங்கே குறைத்து, புலக் கணிப்பு மென்பொருளில் நூறு முறை ஓட்டிப் பார்த்துத்தான் ஒரு வடிவம் தேறும். வில்லையைத் தாண்டியும் புலம் அதிகமாக இருக்கும் பகுதியைச் சல்ஃபர் ஹெக்சாஃபுளூரைடு நிரப்பிய உறைக்குள் வைப்பதுண்டு. காற்றைவிட இரண்டரை மடங்குக்குமேல் தாங்கும் வாயு. ஆனால் புவி வெப்பமாதலில் கார்பன் டைஆக்சைடைவிட இருபதாயிரம் மடங்குக்கு மேல் வீரியமுள்ளது. வேறு வாயுவால் சமாளிக்க முடிகிற இடத்தில் இதைத் தவிர்ப்பதே நல்லது.

கரங்கள் விரிய விரிய மின்புலம் தானாகவே தணியும். தகடுகள் 60 சென்டிமீட்டர் விலகிய இடத்தில் 120 கிலோவோல்ட் என்பது மீட்டருக்கு 2 லட்சம் வோல்ட்தான். காற்று தாங்குவதில் பதினைந்தில் ஒரு பங்கு. அங்கே கவலை வேறு: மின்மறுப்பு. நான்கு கரங்கள் கொண்ட ஆன்டெனாவில் 400 ஓம் இணைகள் இரண்டு பக்க இணைப்பில் 200 ஓம் தரும். 120 கிலோவோல்ட்டுக்கு 200 ஓம் என்றால் உச்சத் திறன் 72 மெகாவாட். துடிப்பு 10 நானோ விநாடி நீடித்தால் ஆற்றல் ஒரு ஜூலுக்கும் குறைவு. விநாடிக்கு 200 முறை வீசினாலும் சராசரி 150 வாட் அளவுதான். சூடு பெரிய பிரச்சினை இல்லை. திரும்பி வரும் அலைதான் பிரச்சினை. ஆன்டெனாவின் நீளத்தைவிட மிக நீண்ட அலைகளை அது வீசாது. அந்தத் தாழ் அதிர்வெண் ஆற்றல் மூலத்துக்கே திரும்பி ஆளியின் முனைகளை அரிக்கும், மின்காப்பை இன்னொருமுறை சோதிக்கும். கரங்கள் தட்டைத் தொடும் இடத்தில் மின்தடைகளை வைத்து அதை விழுங்க வைக்கிறார்கள். ரஷ்யாவின் டோம்ஸ்க் நகரில், உயர் மின்னோட்ட மின்னணுவியல் நிறுவனத்தில் விளாதிமிர் கோஷெலெவ் குழு வேறு பாதையில் போனது. மின் இருமுனையையும் காந்த இருமுனையையும் ஒரே உறுப்பில் இணைத்து, தாழ் அதிர்வெண்ணிலும் அலை திரும்பாதபடி செய்தார்கள். உறுப்பு சிறியதாகிறது. அவற்றைப் பல வரிசைகளாக அடுக்கி, ஒரே மூலத்திலிருந்து பிரித்து ஊட்டுகிறார்கள். உறுப்புக்கு ஓர் ஆளி வைத்தால் எல்லா ஆளிகளும் ஏறுநேரத்தில் சிறு பகுதிக்குள் ஒன்றாக மூட வேண்டும். வாயு ஆளிகளிடம் அந்த ஒழுக்கத்தை எதிர்பார்ப்பது கடினம். மின்னழுத்தம் பல உறுப்புகளுக்குப் பகிரப்படுவதால் ஒவ்வோர் ஊட்டுமுனையின் சுமையும் குறைகிறது. ஒற்றைப் பெரிய தட்டைவிட இந்தப் பாதைக்கே எதிர்காலம் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கட்டியதை எப்படி அளப்பது? 3.66 மீட்டர் முகத்துக்கும் 100 பிகோ விநாடிக்கும் தொலைப்புலம், அதாவது புலம் தொலைவுக்குத் தலைகீழ் விகிதத்தில் குறையும் பகுதி, தொடங்கும் தூரம் சுமார் 220 மீட்டர். 304 மீட்டரில் அளந்ததன் காரணம் புரிகிறதல்லவா? வீசும் ஆன்டெனாவும் அளக்கும் உணரியும் தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருந்தால், தரையில் பட்டு வரும் எதிரொலி 6 சென்டிமீட்டர் அதிகப் பாதையால் 200 பிகோ விநாடி தாமதிக்கும். கூர்முனை முடிந்த கையோடு அது வந்துவிடும். உயரம் இன்னும் குறைந்தால் இரண்டும் கலந்து அளவீடே பொய்யாகும். அலைவுகாட்டிக்குக் குறைந்தது 3.5 கிகாஹெர்ட்ஸ் பட்டை வேண்டும், வசதிக்கு அதில் இரண்டு மூன்று மடங்கு. உணரியைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. விரியும் கொம்பு வீசும்போது வகைக்கெழுவைத் தரும். அதே கொம்பு வாங்கும்போது புலத்தின் வடிவத்தை அப்படியே தரும். வீசுவதையும் வாங்குவதையும் இணைக்கும் பரிமாற்ற விதி, நேரத்தை வைத்துப் பார்க்கும்போது, ஒன்று மற்றொன்றின் வகைக்கெழு என்ற உருவத்தை எடுக்கிறது. இதை மறந்து, ஆன்டெனா ஜோடியின் அளவீட்டை ஒற்றை ஆன்டெனாவின் துடிப்பு என்று நம்பி ஏமாறுவது எளிது.

மின்னணுக் கருவிகள் கடும் துடிப்பைத் தாங்குகின்றனவா என்று சோதிப்பதற்கும், நிலத்தடியில் புதைந்ததைத் தேடுவதற்கும் இந்த ஆன்டெனாக்கள் பயன்படுகின்றன. என்னை அதிகம் ஈர்ப்பது மருத்துவ முயற்சி. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ஓல்டு டொமினியன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பாமும் பரவளையத்துக்குப் பதிலாக நீள்வட்டத் தட்டை எடுத்துக்கொண்டார்கள். அதற்கு இரண்டு குவியங்கள். ஒன்றில் ஊட்டினால் துடிப்பு முழுவதும் மற்றொன்றில் கூடும். அந்த இரண்டாம் குவியத்தில் கட்டித் திசுவை வைத்து, உடலைத் திறக்காமலே நானோ விநாடிப் புலத்தை உள்ளே செலுத்தலாம் என்பது நோக்கம். தடை எங்கே என்றால், கிகாஹெர்ட்ஸ் அளவில் தசையின் மின்காப்பு மாறிலி 50-ஐத் தாண்டும். காற்றிலிருந்து நேராக வரும் அலையின் ஆற்றலில் பாதிக்கு மேல் தோலிலேயே திரும்பிவிடும். அதனால் தோலுக்கு முன்னால் மாறிலி படிப்படியாக உயரும் ஒரு வில்லை தேவைப்படுகிறது. ஒரே ஆன்டெனாவில் இப்போது இரண்டு முனைகளைக் கடைந்தாக வேண்டும்: துடிப்பு புறப்படும் இடத்தில் ஒன்று, அது இறங்கும் இடத்தில் இன்னொன்று.